சூசையம்மாளைப் பற்றி இந்த வியாழக்கிழமை எழுத வேண்டாம்

திருகோணமலை,
31.1.1982, ஞாயிறு இரவு.

விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு,

தாங்களும், தங்கள் அச்சுக்கூடத்தில் கண் விழித்து வேலை செய்கிறவர்களும் கோணேசர் அருளால் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் சுகமாக நித்திரை கொள்கிறார்கள். நான் சுகமில்லை. கடிதத்தின் தொடக்கத்தில் இப்படி எழுதக்கூடாது என்று தமிழ் ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். ஆனால் குப்பி விளக்கில் எண்ணெய் அடியில்தான் கிடக்கிறது. அப்பா நாலு மணிக்கு எழும்பிவிடுவார். அதற்குள் இதை எழுதி, மடித்து, ஒட்டி, கொப்பிக்குள் ஒளிக்க வேண்டும். ஆகையால் சுகம் விசாரிப்பது இவ்வளவு போதும் என்று மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தவராசா புஸ்பராணி. பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். நேற்று இங்கிருந்து தங்களுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போயிருக்கிறது. நீளமான உறை, மிக அழகான கையெழுத்து, அடியில் பத்தொன்பது பேர் ஒப்பம் வைத்திருப்பார்கள், அதில் ஏழு கைநாட்டு. நியூசிலாந்துக்குப் போய் அறுபது ஓவர் ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருக்கும் இந்தியப் பெண்கள் கிரிக்கெற் அணியின் வேகப் பந்துவீச்சாளர், தூத்துக்குடி சூசையம்மாளின் படத்தை ஏன் இன்னும் போடவில்லை என்று கொஞ்சம் காரமாகவே கேட்டிருப்பார்கள். ஐயா, படத்தைத் தேடி அலைய வேண்டாம். அந்த அணியில் அப்படி ஒருவர் இல்லை. அவளை நான்தான் உண்டாக்கினேன்.

தங்கள் பக்கத்தில் வாசகர் கேள்விகளுக்கு வியாழக்கிழமை பதில் வரும். நான் மட்டக்களப்புக்குப் போகும் பஸ் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் உயிர் நிற்கிறது. என்ன நடந்தது என்று முழுவதையும் எழுதுகிறேன். வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் லோஞ்சு ஓட்டுகிறவர். வெளியே வந்து நிற்கும் கப்பலுக்கு வழிகாட்டப் போகிற பைலட் துரையை ஏற்றிப் போய் ஏணியில் விடுவதும், பிறகு கூட்டி வருவதும் அவருடைய வேலை. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். தன் கையெழுத்தும் எண்களும் தெரியும், மற்றது வாசிக்கத் தெரியாது. அதனால் பின்னேரம் வேலை விட்டதும் அப்பாவும், கப்பலுக்குக் கயிறு கட்டும் ஸைனுலாப்தீன் காக்காவும், இன்னும் ஏழெட்டுப் பேரும் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குந்துவார்கள். நான் கதிரையில் இருந்து தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிக்க வேண்டும். மூன்று வருடமாக இதுதான் என் வேலை. மூன்று வருடமும் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. மரண அறிவித்தலைக்கூட முழுவதும் வாசிப்பேன்.

இந்தத் தை மாதம் இரண்டு காரியம் ஒரே வாரத்தில் நடந்தன. முதலாவது, பாடசாலையில் கிரிக்கெற் பந்தெறிதலில் நான் நாற்பத்திரண்டு மீற்றர் எறிந்து, மட்டக்களப்பில் நடக்கும் போட்டிக்குத் தெரிவானேன். இரண்டு இரவு அங்கே விடுதியில் தங்க வேண்டும். ரீச்சர் தந்த சம்மதப் படிவத்தில் தகப்பன் ஒப்பம் வைக்க வேண்டும். அப்பா படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொம்பிளைப் பிள்ளை பந்தெறியிறதுக்கு மட்டக்களப்பு மட்டும் போகவேணுமோ? எங்கட வளவு பெரிசுதானே, இஞ்சயே எறியட்டும்" என்றார். படிவம் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. அம்மா அதற்கு மேல் சீனிப் போத்தலை வைத்துவிட்டார்.

இரண்டாவது காரியம் தங்களால் வந்தது. கோபிக்க வேண்டாம். அடுத்த மாதம் கொழும்புக்கு வரும் ஆண்கள் அணி காலையில் என்ன சாப்பிடும் என்று தாங்கள் அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே, மூலையில், தீப்பெட்டி அளவு இடத்தில், நியூசிலாந்தில் இந்தியப் பெண்கள் அணி தோல்வி என்று இரண்டே வரி. நான் இரண்டு வரியையும் வாசித்தேன். ஸைனுலாப்தீன் காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "பொம்புளையளுமா புள்ள கிரிக்கெட் அடிக்கிறாங்க? சீலையத் தூக்கிச் செருகிக்கிட்டா?" என்று கேட்டார். விறாந்தை முழுவதும் சிரித்தது. எல்லாரையும்விட அப்பாதான் கூடச் சிரித்தார். "பந்து வேலிக்கு அங்கால போனா ஆர் எடுக்கிறது? புருசன்மார் வெளியால நிப்பினமாக்கும்."

அந்தச் சிரிப்பில்தான் ஐயா எல்லாம் தொடங்கியது. நான் பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமல், அதே குரலில், இல்லாத மூன்றாவது வரியை வாசித்தேன். "ஆயினும், தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு வள்ளக்காரரின் மகளான செல்வி சூசையம்மாள் வீசிய பந்தில், எதிரணித் தலைவியின் விக்கெற் தடி பிடுங்கப்பட்டுப் பத்து முழத்துக்கு அப்பால் விழுந்தது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"பத்து முழமோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா. பத்து முழம் எண்டுதான் போட்டிருக்கு."

"நியூசிலாந்தில முழம் இரிக்கா?" என்று ஸைனுலாப்தீன் காக்கா சந்தேகப்பட்டார்.

"கை உள்ள இடமெல்லாம் முழம் இருக்கும், நீ பேசாமல் இரு காக்கா" என்று அப்பா அவரை அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "தேப்பன் வள்ளக்காரன் எண்டோ போட்டிருக்கு?"

பெயர் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்றுக்கு ஒதுங்கி உட்துறைமுகத்தில் ஒரு தூத்துக்குடித் தோணி நின்றது. பாடசாலைக்குப் போகும் வழியில் அதன் முன்பக்க அணியத்தில் வெள்ளை எழுத்தில் 'சூசையம்மாள்' என்று இருப்பதைத் தினமும் பார்ப்பேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. லோஞ்சு ஓட்டுகிறவர் அந்தத் தோணியை என்னைவிட நூறு தடவை கூடப் பார்ப்பார் என்று யோசிக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு கலத்தின் பெயரும் காதால் தெரியும். அடுத்த நாள் அப்பா வந்து விறாந்தையில் ஏறியபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நான் முடிந்தேன் என்று நினைத்தேன். அப்பா எல்லாரையும் இருத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் பிள்ளை எவ்வளவு பெரிய ஆள் தெரியுமோ? ஊரில தோணிக்கே அவவிட பேரை வைச்சிருக்கினம். நான் இண்டைக்குக் கிட்டப் போய்ப் பாத்தனான். பெயின்ற் புதுசு."

அதோடு நின்றாலும் பரவாயில்லை. அப்பா தோணியில் ஏறித் தண்டலிடமே கேட்டிருக்கிறார். தண்டல் என்றால் தோணியை நடத்துகிற பெரியவர், அறுபது வயது இருக்கும். அப்பா அவ்வளவு ஆசையாகக் கேட்க, தெரியாது என்று சொல்ல அந்த மனிதருக்கு வெட்கமாக இருந்திருக்கும் போல. "சூசையம்மாளா? நம்ம தெருப் புள்ளதான் அண்ணாச்சி. சின்னதுலயே கல்லெடுத்து எறிஞ்சா தென்னமரத்துல காய் இருக்காது" என்றாராம். அப்பா அதையும் விறாந்தையில் எல்லாருக்கும் சொன்னார். நான் உண்டாக்கியவளுக்கு இப்போது ஒரு தெருவும் தென்னைமரமும் வந்துவிட்டன. எனக்கே தெரியாத காரியங்கள் அவளுக்கு நடக்கத் தொடங்கிவிட்டன.

அன்றில் இருந்து பத்திரிகையை விரிக்க முன்னமே "முதல்ல சூசையம்மாளை வாசி பிள்ளை" என்பார்கள். தாங்கள் இரண்டு வரி போட்ட நாளில் நான் இருபது வரி வாசித்தேன். தாங்கள் ஒன்றும் போடாத நாளில், ஆட்டம் மழையால் தடைப்பட்டது, ஆனாலும் சூசையம்மாள் மண்டபத்துக்குள் பயிற்சி செய்தார் என்று வாசித்தேன். பயத்தில் ஒரு நாள் அவளைத் துலைத்துவிடத் தீர்மானித்து, ஓடி வரும்போது முழங்கால் புரண்டு விழுந்தார், இனி இந்தச் சுற்றுப்பயணத்தில் ஆட ஏலாது என்று வாசித்தேன். இதோடு முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன். விடிய எழும்பினால் அம்மா அப்பாவின் சாரத்தை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயப் போட்டிருக்கிறார். அப்பா சல்லி முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து, நடந்தே போய்விட்டார். ஸைனுலாப்தீன் காக்கா கிண்ணியாவில் பள்ளிவாசலில் துஆக் கேட்பித்திருக்கிறார். பின்னேரம் வந்து, "ஊரே அழுவுது புள்ள, இண்டைக்கு என்ன போட்டிரிக்கு?" என்று கண்ணைத் துடைக்கிறார். நான் என்ன செய்வேன் ஐயா? ஒரே நாளில் முழங்காலைச் சுகமாக்கினேன். நியூசிலாந்து வைத்தியர்களே அதிசயப்பட்டார்கள் என்று வாசித்தேன்.

பிறகு அவளை வேறு வழியால் அனுப்பிவிடப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் திருமணம், அதன் பிறகு விளையாடமாட்டார் என்று வாசித்தேன். அப்பா கதிரைக் காலில் கையால் அடித்தார். "ஆர் அப்பிடி முடிவு எடுத்தது? தேப்பன் இவ்வளவு தூரம் கடல் கடந்து விட்டது இதுக்கோ? ஒரு வள்ளக்காரன் தன்ர பிள்ளையை நியூசிலாந்துக்கு விட்டிருக்கிறான். நான் ஒருத்தன், மட்டக்களப்புக்கு விடமாட்டன் எண்டு இருக்கிறன்." பிறகு எழும்பிப் போய், சீனிப் போத்தலை இறக்கி வைத்துவிட்டு, படிவத்தை எடுத்து வந்து ஒப்பம் வைத்தார். சீனி ஒட்டின இடத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது. அம்மா குசினி வாசலில் நின்று, "இரண்டு இரவு" என்றார். "நியூசிலாந்தில இரண்டு மாசம்" என்றார் அப்பா. நான் அடுத்த நாளே திருமணத்தை முறித்தேன்.

இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தப் படிவத்தில் இருக்கிற ஒப்பம் அப்பாவுடையது என்றாலும், வைத்தது சூசையம்மாளுக்காக. அவள் இல்லை என்று தெரிந்தால் அந்த ஒப்பமும் இல்லை. மட்டக்களப்பு மட்டுமில்லை, பொய் வாசித்தவளுக்குப் பாடசாலையும் எதற்கு என்று அம்மா கேட்பார்.

கெடுதி துறைமுகக் கந்தோரில் இருந்து வந்தது. அங்கே அப்துல் மஜீத் என்று, கடிதமும் கணக்கும் எழுதுகிற ஒரு இலிகிதர் இருக்கிறார். கந்தோருக்கு வரும் இங்கிலீசுப் பத்திரிகையை வாசிப்பவர். வியாழக்கிழமை விறாந்தைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "நானும் மூண்டு கிழமையாப் பாக்கிறன். இங்கிலீசுப் பேப்பரில அந்தப் புள்ளைட பேர் ஒரு நாளும் வரல்லையே தவராசா."

"இங்கிலீசுப் பேப்பர்காரன் தமிழ்ப் பிள்ளையிட பேரைப் போடுவானோ?" என்றார் அப்பா.

"பதினொரு பேரிட பேரும் போட்டிரிக்கான். நான் எண்ணிப் பாத்தன்."

"பதினொண்டு எண்டா அவவை விட்டுப்போட்டு எண்ணியிருக்கிறான்."

மஜீத் அவர்கள் என்னைப் பார்த்தார். சும்மா ஒரு பார்வைதான், ஆனால் எனக்குக் கையில் இருந்த பத்திரிகை நடுங்கிச் சத்தம் போட்டது. "காத்து" என்று சொன்னேன். ஒரு இலையும் அசையவில்லை.

வாக்குவாதம் முற்றி, ஸைனுலாப்தீன் காக்காதான் வழி சொன்னார்: பத்திரிகைக்காரரையே கேட்போம், அவர் போடுகிற பதில்தான் முடிவு. கடிதத்தை மஜீத் அவர்களே எழுதினார். தான் நம்பாத காரியத்தை அவ்வளவு அழகாக எழுதிய ஒருவரை நான் பார்த்ததில்லை. படம் ஏன் போடவில்லை என்பது முதல் கேள்வி. இங்கிலீசுப் பத்திரிகை செய்வது ஓரவஞ்சனையா இல்லையா என்பது இரண்டாவது. அவளுடைய சரியான விலாசம் என்ன என்பது மூன்றாவது. ஏனென்றால் வெள்ளிக்கிழமை காற்றுத் தணிந்து தோணி புறப்பட்டபோது, அப்பா அவளுக்கென்று ஒரு பொதி சூடைக் கருவாடும், முழங்காலுக்குப் பூச ஒரு போத்தல் எண்ணெயும் தண்டலிடம் கொடுத்துவிட்டார். தண்டலும் மறுக்காமல் வாங்கி, "நானே கையில குடுத்துருதேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அது போய்ச் சேர்ந்ததா என்று எழுதிக் கேட்க விலாசம் வேண்டுமாம்.

தாங்கள் நினைக்கலாம், பத்திரிகையை வாசிக்கிறவள் நான்தானே, வியாழக்கிழமை தாங்கள் என்ன போட்டாலும் நான் மாற்றி வாசித்துவிடலாமே என்று. ஐயா, அதையும் நான் யோசித்தேன். ஆனால் அந்த வியாழக்கிழமை மட்டும் பத்திரிகையை மஜீத் அவர்கள்தான் வாசிப்பார் என்று பேசி முடித்துவிட்டார்கள். அப்பாவே அதற்குச் சம்மதித்தார். "என்ர பிள்ளை வாசிச்சா பிறகு கதை வரும், நீயே வாசி" என்றார். என் மேல் அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார்.

இப்போது யாரோ புரண்டு படுக்கிற சத்தம். விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு இருந்தேன். தங்கச்சிதான். தொடர்ந்து எழுதுகிறேன்.

ஐயா, நான் தங்களைப் பொய் எழுதச் சொல்லவில்லை. பொய் எழுதுவது எவ்வளவு பாரம் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. நான் கேட்பது ஒரு வியாழக்கிழமை. பதிலை இந்த வியாழன் போடாமல் அடுத்த வியாழன் போடுங்கள். இடம் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அணியின் மத்தியானச் சாப்பாட்டைப் போடுங்கள். அடுத்த வியாழன் நான் மட்டக்களப்பில் எறிந்துவிட்டு வந்திருப்பேன். அதன் பிறகு அப்பா அடித்தாலும் சரி, பாடசாலையை நிறுத்தினாலும் சரி, எறிந்தது எறிந்ததுதான், அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் அணிக்குத் தாங்கள் ஒரு நாளாவது ஆறு வரி போட்டிருந்தால் நான் ஏழாவது வரி ஒன்றை உண்டாக்கப் போயிருக்கமாட்டேன். உண்மையில் அங்கே யார் பந்து போடுகிறார்கள், எவ்வளவு தூரம் ஓடி வருகிறார்கள், முழங்கால் நோகிறதா என்று எனக்கும் அறிய ஆசையாக இருந்தது. குறை சொல்வதாக எண்ண வேண்டாம். குறைதான்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நீண்ட ஆயுளும், அச்சுக்கூடத்துக்குத் தட்டுப்பாடில்லாத கடதாசியும் கிடைக்க வேண்டும் என்று கோணேசரையும், சல்லி அம்மாளையும், கிண்ணியாப் பக்கம் நின்று கேட்கிற ஆண்டவனையும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் மூன்று வருட வாசகி,
த. புஸ்பராணி.

பி.கு.: ஐயா, கடிதத்தை மடிக்க முன் அப்பா எழும்பிவிட்டார். மூன்றரைக்கே கப்பல் வருகிறதாம். குசினி வாசலில் நின்று, "என்ன பிள்ளை எழுதுறாய்?" என்று கேட்டார். கடிதம் என்றேன். யாருக்கு என்றார். பத்திரிகைக்கு என்றேன், வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா பலகையை இழுத்துப் போட்டு என் முன்னால் குந்தி, "வாசி" என்றார். மாற்றி வாசிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஏலாமல் போய்விட்டது. மேலே இருப்பதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், தங்களுக்கு எழுதிய குறை வரையும் வாசித்தேன். அப்பா அடிக்கவில்லை. கடைசியில், "நீ மஜீதுக்குப் பயந்திட்டாய். அந்தப் பயத்தில, இருக்கிற பிள்ளையை இல்லை எண்டு எழுதுறாய்" என்றார். இல்லை அப்பா, சத்தியமாக அவள் இல்லை என்று அழுதேன். "தண்டல் அந்தத் தெருக்காரன். கருவாட்டை வாங்கிக்கொண்டு போன மனிசன் பொய் சொல்லுவானோ?" என்று கேட்டுவிட்டு, பலகையைச் சுவரோடு சாத்திவிட்டு, சட்டையை எடுத்துப் போட்டார். ஆகையால் ஐயா, மேலே கேட்டதை எல்லாம் விட்டுவிடுங்கள். எந்த வியாழக்கிழமையும் எதையும் போடலாம். இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். கடிதத்தைத் தானே தபாலில் போடுவதாக அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். "அப்ப மட்டக்களப்பு?" என்று இப்போதுதான் கேட்டேன். "கையெழுத்து வைச்சா வைச்சதுதான். நீ எவ்வளவு எறிஞ்சனி?" என்றார். நாற்பத்திரண்டு மீற்றர் என்றேன். "காணாது. சூசையம்மாள் அம்பது எறிவா" என்றார். ஐயா, ஐம்பது என்று நான் ஒருநாளும் வாசித்ததில்லை.